கொல்லையிலும் மாடியிலும் தோட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சென்ட்டுக்குச் சற்றுக் குறைவான மண் இருக்கிறது. மொட்டை மாடியில் இருபத்திரண்டு பைகள் இருக்கின்றன. பதினோரு ஆண்டுகளாக வீட்டில் உள்ள நான்கு பேருக்கும் கீரை கடையில் வாங்கியதில்லை. காய்களில் பாதியை இன்னும் சந்தையில்தான் வாங்குகிறோம். வெங்காயம், உருளைக்கிழங்கு பக்கம் நான் போவதே இல்லை. தோட்டத்தைப் பார்க்க வரும் உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். காவிரிக் கரை வெயிலிலும் மழையிலும் கற்றுக்கொண்டவை இவை. மலைப்பகுதியில் இருப்பவர்கள் பட்டக் கணக்கை, அதாவது விதைக்கும் பருவத்தை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

தோட்டம் வைத்தவர்களில் பலர் ஆறு மாதத்தில் விட்டுவிடுகிறார்களே, ஏன்?

கடையை நம்பித் தொடங்குவதால் என்பது என் எண்ணம். பை, தென்னை நார்க்கழிவுக் கட்டி, மண்புழு உரம், பாக்கெட் விதை, புட்டியில் அடைத்த பூச்சிவிரட்டி என்று முதல் நாளே எல்லாவற்றையும் வாங்கிவிடுகிறோம். மூன்று மாதத்தில் உரம் தீரும், செடி வெளுக்கும், மறுபடி வாங்கச் சலிப்பு வரும். நானும் முதல் ஆண்டு நாற்பது பைகள் வாங்கினேன். சித்திரை வெயிலில் அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றவே காலையில் ஒரு மணி நேரம் போனது. வைகாசிக்குள் பாதிச் செடிகள் கருகிவிட்டன. அந்த வருத்தம் இன்னும் நினைவில் இருக்கிறது.

நீடித்து நிற்கும் தோட்டத்துக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். வெளியிலிருந்து தோட்டத்துக்குள் சுமந்து வரும் பொருள் ஆண்டுக்கு ஆண்டு குறைய வேண்டும். சமையலறைக் கழிவு எருவாக வேண்டும், உதிர்ந்த இலை மண்ணை மூடிக் காக்கும் மூடாக்காக வேண்டும், இந்த ஆண்டுக் காயிலிருந்து அடுத்த ஆண்டு விதை வர வேண்டும். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கிலிருந்து வருபவைதான்.

எத்தனை செடியோடு தொடங்கலாம்?

ஒரு கீரைப் பாத்தி, நான்கு கத்தரி, ஆறு வெண்டை, ஒரு கொடி, ஓரமாக ஒரு கறிவேப்பிலைக் கன்று. முதல் ஆண்டுக்கு இது போதும். மண்ணில் பாத்தி போடுகிறவர்கள் அகலத்தை நான்கடிக்கு மேல் விடாதீர்கள். இரண்டு பக்கமும் நின்று கை நீட்டினால் நடுவரைக்கும் எட்ட வேண்டும். பாத்திக்குள் கால் வைத்தால் மண் இறுகும். இறுகிய மண்ணில் வேர் இறங்காது, நீரும் இறங்காது.

எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது?

காய்க்கும் செடிகளுக்கு ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். கீரைக்கு நான்கு மணி நேரம் கிடைத்தாலும் வந்துவிடும்.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சித்திரையில் வெயில் விழும் இடத்தைப் பார்த்துவிட்டுப் பாத்தி போடுவார்கள், மார்கழியில் அங்கே நிழல் விழும். நம் ஊரில் சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணியிலும் நண்பகல் சூரியன் தலைக்கு நேரே நிற்கிறது. மார்கழியில் தெற்கே நன்றாகச் சாய்ந்துவிடுகிறது. பத்தடி உயர மதில் ஒன்று கிழக்கு மேற்காக இருந்தால், மார்கழி நண்பகலில் அதன் வடக்கே ஏறக்குறைய ஏழடி தூரத்துக்கு நிழல் விழும். ஆடியில் விதைத்த பந்தல் அவரை பூக்கும் காலமும் அதுதான். ஆகவே மதிலுக்கு வடக்கே உள்ள ஏழடியைக் கற்பூரவல்லி, வெற்றிலை, புதினாவுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

எந்த மாதம் எதை விதைப்பது?

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று சொல்லிச் சொல்லியே அதன் காரணத்தை மறந்துவிட்டோம். ஆடியில் தென்மேற்குக் காற்றும் மேகமும் வெயிலின் கடுமையைக் குறைக்கின்றன. அப்போது முளைத்த செடி, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை கொட்டத் தொடங்கும்போது வேர் பிடித்து நிற்கும். மழை நின்று பனி இறங்கும்போது பூத்துக் காய்க்கும். கத்தரி, மிளகாய், தக்காளி, வெண்டை, பீர்க்கு, புடல், சுரை, பூசணி, அவரை எல்லாவற்றுக்கும் இது ஏற்ற பட்டம். கோயிலில் முளைப்பாரி எடுக்கும் ஊர்களில், எந்த வீட்டு விதை நன்றாக முளைக்கிறது என்பது விதைப்புக்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிடும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். நாற்று ஒரு சாண் உயரம் வந்ததுமே முட்டுக் கொடுத்துவிடுங்கள்.

அவரைக்கு மட்டும் பட்டம் தப்பவே கூடாது. நாட்டுப் பந்தல் அவரை பகல் குறுகும்போதுதான் பூக்கும். தையில் விதைத்தால் கொடி செழித்து ஓடும், பந்தலை மூடும், பூவே வராது. 'என் அவரை ஏன் காய்க்கவில்லை' என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது விதைத்த மாதத்தைத்தான். பந்தல் இல்லாமல் வளரும் குத்து அவரைக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

தைப்பட்டத்தில் கொடிக் காய்கள், வெண்டை, கொத்தவரை, எல்லாக் கீரைகளும் போடலாம். சித்திரையில் கொத்தவரையும் தண்டுக்கீரையும் தாங்கும். தக்காளி தாங்காது. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டிவிட்டால் தக்காளிப் பூவின் மகரந்தம் கெட்டுப் பூ உதிர்ந்துவிடும். எந்த டானிக் ஊற்றினாலும் நிற்காது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பொடி விதை தூவுவது வீண், வழித்துக்கொண்டு போய்விடும். மழை ஓய்ந்த மார்கழியில் முள்ளங்கி, கொத்தமல்லி, வெந்தயம் போடுங்கள்.

மாடி எடை தாங்குமா? தளம் ஒழுகாதா?

ஓரடி விட்டம், ஓரடி உயரம் உள்ள பை ஏறக்குறைய 21 லிட்டர் கொள்ளும். அதை முழுக்கத் தோட்ட மண்ணால் நிரப்பி நனைத்தால் முப்பது கிலோவுக்கு மேல் வரும். இருபது பைகள் என்றால் அரை டன்னைத் தாண்டிவிடும். அதனால்தான் மாடிக்கு நார்க்கழிவும் மட்கும் (மட்கிய கழிவு உரம்) கலந்த எடை குறைந்த கலவை வேண்டும் என்கிறோம். பைகளைத் தளத்தின் நடுவே குவிக்காமல், கீழே சுவரும் உத்தரமும் ஓடும் வரிசையில் பரப்பி வையுங்கள். பழைய கட்டடம், ஓட்டுச் சாய்ப்பு, மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் என்றால் பொறியாளர் ஒருவரைக் கூட்டி வந்து காட்டாமல் தொடங்க வேண்டாம்.

பை நேராகத் தளத்தில் உட்காரக் கூடாது. இரண்டு செங்கல் அல்லது பலகை மேல் இருந்தால் அடியில் காற்று ஓடும், தளம் காயும், பெருக்கவும் முடியும். தளத்தில் முன்பே வெடிப்பு இருந்தால் அதை அடைத்துவிட்டுத்தான் தோட்டம்.

மண் கலவை என்ன விகிதம்?

மாடிக்கு: செம்மண் ஒரு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு, நன்கு மட்கிய தொழு உரம் அல்லது வீட்டு மட்கு ஒரு பங்கு, பைக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்துப் பிழிந்து, நீரை இரண்டு மூன்று முறை மாற்றுங்கள். அதில் உப்பும் துவர்ப்பும் தங்கியிருக்கும். கலந்த கலவையை ஈரமாக்கிப் பத்து நாள் நிழலில் வைத்த பிறகு நடுங்கள்.

கொல்லை மண்ணை வெளியே அள்ளிப் போட்டுவிட்டுச் செம்மண் லாரி வரவழைப்பது தேவையற்ற செலவு. முதலில் இருக்கும் மண் என்ன என்று பாருங்கள். கண்ணாடிப் பாட்டிலில் பாதி மண், மீதி தண்ணீர் விட்டுக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் படியும், வண்டல் சில மணி நேரத்தில் படியும், களி மறுநாளும் கலங்கலாக மிதக்கும். மூன்று அடுக்கும் கண்ணுக்குத் தெரியும். மணல் மிகுந்தாலும் களி மிகுந்தாலும் மருந்து ஒன்றே: மட்கு. மணலில் அது ஈரத்தைப் பிடித்து வைக்கும், களியில் இடைவெளி உண்டாக்கும். எங்கள் கொல்லை கட்டடம் கட்டிய மிச்சச் சல்லியும் களியுமாக இருந்தது. மூன்று ஆண்டு இலைக்குப்பையும் மட்கும் போட்ட பிறகு கைக்கொத்து தானாக இறங்குகிறது. துல்லியமாகத் தெரிந்துகொள்ள விரும்பினால் மண் பரிசோதனை நிலையத்திலோ மாவட்டத்து வேளாண் அறிவியல் நிலையத்திலோ கொடுத்துப் பார்க்கலாம்.

ஓர் எச்சரிக்கை. பச்சைச் சாணத்தை நேராக வேரில் போடாதீர்கள். அதன் சூடு வேரைத் தாக்கும். அரைகுறையாக மட்கிய சாணக் குவியலில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டிருக்கும். சுருண்டு கிடக்கும் அந்தக் கொழுத்த வெள்ளைப் புழு பைக்குள் வந்துவிட்டால் வேரையும் கடித்துவைக்கும்.

சமையலறைக் கழிவை நாற்றமில்லாமல் மட்க வைப்பது எப்படி?

நாற்றம் அடித்தால் ஈரம் கூடிவிட்டது, காற்று குறைந்துவிட்டது என்று பொருள். காய்கறித் தோல் ஒரு பங்கு என்றால் காய்ந்த இலை இரண்டு மூன்று பங்கு. இந்தக் கணக்கை விடாமல் பிடித்துக்கொண்டால் நாற்றமே வராது. இருபது லிட்டர் பெயின்ட் வாளி இரண்டு எடுத்து, பக்கவாட்டிலும் அடியிலும் துளை போடுங்கள். அடியில் ஒரு சாண் காய்ந்த சருகு. தினமும் கழிவைப் போட்டு அதன் மேல் சருகை மூடுங்கள். வாரம் ஒருமுறை கிளறுங்கள். புளித்த மோர் ஒரு கரண்டி தெளித்தால் விரைவாகச் சிதையும். ஒரு வாளி நிறைந்ததும் மூடி ஒதுக்கிவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். எங்கள் வெயிலுக்கு ஒன்றரை முதல் இரண்டு மாதத்தில் மட்கிவிடுகிறது.

கையில் ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். விரலிடுக்கில் நீர் சொட்டினால் ஈரம் அதிகம், இன்னும் சருகு போடுங்கள். பிடி கொழுக்கட்டை போல நின்று, தட்டினால் உதிர்ந்தால் பதம் சரி. மழை பெய்த மண்ணின் வாசனை வந்து, தோலும் காம்பும் அடையாளம் தெரியாமல் போனால் எடுத்துப் பயன்படுத்தலாம். சந்தேகம் இருந்தால் அந்த மட்கில் ஒரு சிட்டிகை கடுகு தூவுங்கள். நான்கு நாளில் நன்றாக முளைத்தால் செடிக்குக் கேடில்லை.

வாளியில் பழுப்பு நிறத்தில் தட்டையான புழுக்கள் நெளிவதைப் பார்த்துப் பலர் வாளியையே வீசிவிடுகிறார்கள். வீசாதீர்கள். அவை கழிவைத் தின்று பாதி வேலையை முடித்துக் கொடுப்பவை. வீட்டுக்குள் வரும் ஈயின் புழு அல்ல. மீன், இறைச்சி, எண்ணெயில் பொரித்தது, சமைத்த சோறு ஆகியவற்றை மட்டும் வாளியில் போட வேண்டாம். மீன் கழிவைச் சம எடை நாட்டு வெல்லத்தோடு மூடிய பாத்திரத்தில் மூன்று வாரம் வைத்தால் மீன் அமிலம் கிடைக்கும். லிட்டருக்கு ஐந்து மில்லி கலந்து தெளித்தால் கீரை நன்றாகத் தழைக்கிறது.

சாலையோரத்தில் இலையைக் கூட்டி எரிப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. எங்கள் தெருவில் எரிக்கவிருந்த வேப்பிலை, புங்கிலை, மாவிலைச் சருகை மூட்டையாக வாங்கி வந்துவிடுகிறேன். பாத்தி முழுவதும் நான்கு விரல் உயரத்துக்கு மூடாக்குப் போடுவது அதில்தான்.

பஞ்சகாவ்யா அவசியமா?

அவசியமில்லை, ஆனால் பயன் தெரிகிறது. பசுவின் சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்துச் செய்வது அது. கொடுமுடி மருத்துவர் நடராஜன் பயிருக்கென்று வடிவமைத்துப் பரப்பிய கரைசல். மூன்று சதவீதம், அதாவது பத்து லிட்டர் நீருக்கு 300 மில்லி என்பதே அளவு. மாலையில் தெளியுங்கள். பசு வளர்ப்பவர் பக்கத்தில் இருந்தால் செய்துகொள்ளலாம். பசுவும் இல்லாமல், புட்டி வாங்கித் தெளிக்கும் நிலையில் இருந்தால் அந்தப் பணத்துக்குக் கடலைப் புண்ணாக்கு வாங்கி ஊறவைத்து ஊற்றுங்கள்.

தண்ணீர் எவ்வளவு, எப்போது ஊற்றுவது?

மண்ணுக்குள் ஆட்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் ஊற்றாதீர்கள். வாடியது போல் தெரியும் செடிக்கெல்லாம் தண்ணீர் குறைவு என்று நினைப்பது தவறு. வேர் அழுகினாலும் இலை தொங்கும். கத்திரி வெயிலில் பூசணிக் கொடி நண்பகலில் இலையைத் தொங்கவிட்டு, மாலையில் தானாக நிமிரும். சித்திரையில் ஒரு பைக்கு இரண்டு லிட்டர் வரை தேவைப்படும். மூடாக்கு இருந்தால் ஒரு லிட்டரில் முடிந்துவிடும். காலை ஏழு மணிக்குள் பூவாளியால் வேரடியில் ஊற்றுவது நல்லது.

மழைநீரை விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். குழாய் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், ஆடியிலேயே அதன் வடிகட்டியைக் கழுவி வையுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 500 சதுரடி மாடியில் 25 மில்லிமீட்டர் பெய்தால் ஆயிரம் லிட்டருக்கு மேல் ஓடி வருகிறது.

பாத்திரம் கழுவிய நீரையும் துணி துவைத்த நீரையும் விடலாமா?

அரிசி, பருப்பு, காய் கழுவிய நீர் எல்லாச் செடிக்கும் நல்லது. பாத்திரம் கழுவிய நீரை வாழைக்கும் சேம்புக்கும் கல்வாழைக்கும் விடுங்கள். பழைய வீடுகளில் துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் வாழைக் கன்று நட்டிருந்தார்களே, அந்த வழக்கம் மிகச் சரியானது. சலவைத்தூள் நீரைக் கீரைக்கும், பச்சையாகச் சாப்பிடும் எதற்கும் விட வேண்டாம். தண்ணீர் வெளியேற வழியில்லாத பைக்குள் அந்த உப்பு தங்கிவிடும். ஆழ்துளைக் கிணற்று நீரே உப்பாக இருந்தால் பையின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கும். அப்போது மேல் மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, முதல் மழையில் பையை நன்றாக நனையவிட்டு உப்பை வடியவிடுங்கள்.

பூச்சி வந்தால் என்ன தெளிப்பது?

முதலில் தெளிக்காமல் இருங்கள். இதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் தோட்டத்தில் நான் அதிகம் கற்றுக்கொண்டது இந்த ஓர் இடத்தில்தான்.

ஒரு கார்த்திகை மாதம் பந்தல் அவரையின் கொழுந்தொன்றில் சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான கறுப்பு அசுவினி விரல் நீளத்துக்கு அப்பியிருந்தது. தண்டில் எறும்புகள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தன. அசுவினி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கும். அசுவினியைத் தின்னும் பொறிவண்டு வந்தால் எறும்பு கடித்து விரட்டும். மருந்து கரைக்கப் போகுமுன் எறும்பு ஏறும் வழியை அடைப்போம் என்று நினைத்தேன். தண்டின் அடியில் துணிப் பட்டை சுற்றி விளக்கெண்ணெய் தடவினேன். பந்தல் காலுக்கும் அதே பட்டை. நான்காம் நாள் காலை அந்தக் கொழுந்தில், சாம்பல் கலந்த கறுப்பில் மஞ்சள் புள்ளிகளோடு நெல்மணி நீளத்தில் ஒரு புழு ஊர்ந்தது. இலை தின்னும் புழு என்று நசுக்கக் கை நீட்டிவிட்டேன். அதற்குள் அது ஓர் அசுவினியைக் கவ்வி, தலையை முன்னும் பின்னும் அசைத்து உறிஞ்சத் தொடங்கியது. அது பொறிவண்டின் இளம் புழு. பத்தாம் நாள் அந்தக் கொழுந்தில் வெளிறிய தோல்கள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. முதல் நாளே நான் வேப்பெண்ணெய் அடித்திருந்தால் அந்தப் புழுவும் பட்டினியில் போயிருக்கும்.

பெரிய அளவிலும் இது நடந்திருக்கிறது. 2008-இல் கோயம்புத்தூர் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. மெக்சிகோ பக்கத்திலிருந்து உலகெங்கும் பரவிய பூச்சி அது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று தோட்டம் தோட்டமாக வெள்ளை படர்ந்தது. எத்தனை மருந்து அடித்தும் அதன் மெழுகுப் பூச்சுக்குள் இறங்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் பப்பாயே என்ற மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்து, பெருக்கி, வயல்களில் விட்டார்கள். மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும் குளவி அது. அதன் பிறகுதான் அந்தக் கொள்ளை அடங்கியது. இன்றும் உங்கள் பப்பாளியில் மாவுப்பூச்சி இருந்தால், மருந்து அடிக்குமுன் உப்பி நிறம் மாறிய பூச்சிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். குளவி வேலை செய்யும் அடையாளம் அது.

காத்திருந்தும் குறையாவிட்டால் இந்த வரிசையில் போங்கள். கொழுந்தைக் கிள்ளிச் சோப்பு நீரில் போடுவது முதல் வழி. தண்ணீரை விசையாகப் பீய்ச்சிக் கழுவுவது அடுத்தது. அதற்குப் பிறகு லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிப்பது. சோப்பு இல்லாமல் எண்ணெய் நீரில் கலக்காது. திட்டுத் திட்டாக விழுந்து இலை கருகும். வெண்டையில் நரம்பு மஞ்சளாகி இலை முழுவதும் வலைபோல வெளுத்தால் அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய். அதற்கு மருந்து கிடையாது. மனம் கேட்காவிட்டாலும் அந்தச் செடியைப் பிடுங்கிவிடுங்கள்.

கொடி நிறையப் பூக்கிறது, பிஞ்சு நிற்கவில்லையே?

முதல் பதினைந்து நாள் பூப்பவை பெரும்பாலும் ஆண் பூக்கள்தான், உதிரத்தான் செய்யும். பெண் பூவின் அடியில் அந்தக் காயின் சிறு உருவம் இருக்கும். சுரையில் விரல்நுனி அளவு சுரை, பீர்க்கில் வரிவரியாக ஒரு குட்டிப் பீர்க்கு. அந்தப் பிஞ்சு மஞ்சளித்து உதிர்கிறது என்றால் மகரந்தம் சேரவில்லை.

மாடிக்குத் தேனீ வருவது குறைவு. அதுவும் பீர்க்கும் சுரையும் மாலையில் மலர்பவை. பூசணி விடியற்காலையில் விரிந்து பத்து மணிக்குள் சுருங்கிவிடும். பீர்க்குப் பந்தலின் கீழ் மாலை ஐந்தரை, ஆறு மணிக்கு நின்று பாருங்கள். மஞ்சள் பூ கண்ணெதிரே இதழ் பிரியும். அப்போது ஓர் ஆண் பூவைக் கிள்ளி, இதழ்களை உரித்து, நடுவில் உள்ள மகரந்தத்தைப் பெண் பூவின் நடுமுடியில் மெல்லத் தடவுங்கள். விரலில் மஞ்சள் பொடி ஒட்ட வேண்டும். மூன்றாம் நாள் பிஞ்சு பச்சை மாறாமல் தலை கவிழ்ந்து நீண்டிருந்தால் நின்றுவிட்டது. என் மகள் ஏழு வயதிலிருந்து இந்த வேலையைத் தன் பொறுப்பில் வைத்திருக்கிறாள்.

துளசியையும் துலுக்கச் சாமந்தியையும் பந்தலுக்கு அருகில் வையுங்கள். துளசி பூத்தால் கொசுத்தேனீ வரும்.

விதையை எப்படி எடுத்து வைப்பது?

நாட்டு விதையாக இருக்க வேண்டும். வீரிய ஒட்டு ரகத்தின் விதையைப் போட்டால் தாய்ச்செடி போல வராது. நல்ல செடியில், பருவத்தின் நடுவில் வரும் நல்ல காயை விதைக்கென்று விட்டுவிடுங்கள். வீட்டார் பறித்துவிடாமல் இருக்க நான் சிவப்பு நூல் கட்டிவிடுவேன். எல்லாவற்றையும் பறித்துச் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் மிஞ்சிய சூம்பிய காயை விதைக்கு வைப்பதுதான் பலரும் செய்யும் பிழை.

கத்தரிக்காய் மஞ்சளாகிப் பழுக்க வேண்டும். வெண்டை செடியிலேயே காய்ந்து வரி வெடிக்க வேண்டும். சுரை கொடியிலேயே முற்றி, நகம் இறங்காமல், ஆட்டினால் உள்ளே விதை ஒலிக்க வேண்டும். தக்காளியின் கொழகொழப்போடு விதையை ஒன்றிரண்டு நாள் புளிக்கவிட்டுக் கழுவினால் அந்த வழவழப்பு நீங்கும். நிழலில் உலர்த்தி, அடுப்புச் சாம்பல் பிசறி, மண் கலயத்திலோ புட்டியிலோ வையுங்கள். பரங்கி, சுரை விதைகளைச் சாணத்தில் பொதித்துச் சுவரில் வரட்டி போல் தட்டி வைப்பார்கள் பாட்டிமார். அடுத்த பட்டம் வரை வண்டு தொடாது. விதைக்குமுன் பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். ஏழு முளைத்தால் போதும்.

பீர்க்கும் சுரையும் ஒன்றோடொன்று கலக்காது. ஆனால் இரண்டு வகைச் சுரை பக்கத்தில் இருந்தால் கலந்துவிடும். இதில் ஓர் ஆபத்தும் உண்டு. எங்கு விளைந்த சுரைக்காயாக இருந்தாலும், சமைக்குமுன் ஒரு துளி நாவில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக்காயையும் எறிந்துவிடுங்கள். கசப்புச் சுரையின் சாற்றைக் குடித்து உயிரிழந்தவர்கள் உண்டு. அந்தக் கொடியிலிருந்து விதையும் எடுக்கக் கூடாது.

மல்டிவைட்டமின் கீரை என்கிறார்களே, வளர்க்கலாமா?

தவசிக்கீரையைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். குச்சி நட்டால் வரும், ஆண்டுக்கணக்கில் பறிக்கலாம். சமைத்து அளவாகச் சாப்பிடுங்கள். 1990களில் தைவானில் உடல் மெலிவதற்காக இதைப் பச்சையாகச் சாறு பிழிந்து தினமும் குடித்த பலருக்கு நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. கீரைகளில் எனக்குப் பிடித்தது பொன்னாங்கண்ணியும் மணத்தக்காளியும்தான். மணத்தக்காளியை நான் விதைத்ததே இல்லை, பறவைகள் விதைக்கின்றன.

தோட்டம் வைத்தால் பாம்பு வருமா?

பாம்பு எலிக்கும் தவளைக்கும் வருகிறது, செடிக்கு வருவதில்லை. செங்கல் குவியல், விறகு அடுக்கு, உடைந்த தொட்டிகள், இறைந்து கிடக்கும் தானியம் ஆகியவற்றை அகற்றுங்கள். வீட்டுச் சுவரை ஒட்டி இரண்டடிக்கு மூடாக்குப் போடாமல் வெறும் தரையாக விடுங்கள். இருட்டில் டார்ச் இல்லாமல் பாத்திப் பக்கம் போகாதீர்கள். சிறியாநங்கை நட்டால் பாம்பு அண்டாது என்பதை நம்பி இருக்க வேண்டாம். கடித்துவிட்டால் கட்டுப் போடுவதும் கீறுவதும் கூடாது. நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கொசு?

பைக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். வைத்தால் வாரம் இருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசு பெரும்பாலும் தேங்கிய தெளிந்த நீரில்தான் முட்டையிடும். ஒரு வாரம் பத்து நாளில் பறக்கத் தொடங்கிவிடும். மழைநீர்த் தொட்டிக்கு நெருக்கமான கொசுவலைத் துணி கட்டுங்கள்.

கறிவேப்பிலை மட்டும் வளரவே மாட்டேன் என்கிறதே?

முதல் ஓராண்டு அது அப்படித்தான், வேரைத்தான் வளர்க்கும். அதுவரை இலை பறிக்காதீர்கள். பிறகு பறிக்கும்போது இலை இலையாக உருவாமல் கிளை நுனியை ஒடித்து எடுங்கள். ஒடித்த இடத்தில் இரண்டு மூன்று கிளைகள் வரும். மாதம் இருமுறை புளித்த மோரை நீர்த்து ஊற்றுங்கள்.

பத்து நாள் ஊருக்குப் போக வேண்டியிருந்தால்?

பைகளை எல்லாம் நிழலில் நெருக்கி வைத்து, கனமாக மூடாக்குப் போடுங்கள். பெரிய பைகளின் நடுவே சுடுமண் கலயத்தைக் கழுத்துவரை புதைத்து நீர் நிரப்பி மூடிவிட்டால், மண் காயக் காய அது கசிந்து கொடுக்கும். வழவழப்பு பூசாத கலயமாக இருக்க வேண்டும். போவதற்கு முன் பிஞ்சு முதல் காய் வரை பறித்துவிடுங்கள். முற்றவிட்டால் வெண்டை காய்ப்பதை நிறுத்திவிடும். பக்கத்து வீட்டாரிடம் சாவி கொடுத்து, 'கீரையை நீங்கள் பறித்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டுப் போவதும் நல்ல ஏற்பாடு. எங்கள் தெருவில் மூன்று தோட்டங்கள் அப்படித் தொடங்கியவைதான்.

ஆடி போய்விட்டது. அடுத்த பட்டம் வரை காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். சமையலறை வெந்தய டப்பாவிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து இன்று இரவு ஊறவையுங்கள். ஓட்டை போட்ட பழைய தட்டோ கூடையோ, நான்கு விரல் ஆழம் இருந்தால் போதும். நாளைக் காலையில் மண்ணை நிரப்பி விதையைப் பரவலாகத் தூவி, விதை மறையும் அளவுக்கு மட்டும் மேலே மட்கு சலித்துப் போட்டு, கையால் நீர் தெளியுங்கள். நான்காம் நாள் முளை மண்ணைத் தூக்கிக்கொண்டு வரும். அடைமழை என்றால் தாழ்வாரத்தில் வையுங்கள், கடும் வெயில் என்றால் காலை வெயில் மட்டும் படும் சன்னல் ஓரத்தில் வையுங்கள். இருபது, இருபத்தைந்தாம் நாள் வேரோடு பிடுங்கிப் பருப்பில் போட்டுக் கடையலாம். பிடுங்கிய இடத்தில் கொத்தமல்லியை இரண்டாக உடைத்துத் தூவிவிடுங்கள்.